சேர் என்னோடு பேசினார்

இதை எழுதச் சொன்னது சுகந்தினி மிஸ். அருளம்பலம் சேர் காலமாகி ஒரு வருடமாகப் போகிறது, பல்கலைக்கழகத்து விவசாய பீடத்தில் அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், அவரோடு அதிக காலம் வேலை செய்தவர் நீங்கள்தான், ஒரு கட்டுரை தாருங்கள் என்று போனில் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும், அதுவும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதுகிற புத்தகத்தில் நான் என்னத்தை எழுதுவது என்று கூச்சமாக இருந்தது.

"அக்கா, ஒண்டும் யோசிக்காதேங்கோ. கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ," என்றார் மிஸ்.

"கதைக்கிற மாதிரியா மிஸ், பேசுற மாதிரியா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் மிஸ் சிரித்தார். சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சியதும் எனக்குக் கேட்டது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் பெயர் பாக்கியம். மண் ஆய்வுகூடத்தில் சிற்றூழியராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். பிறந்தது மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். கலவரத்துக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். வந்த புதிதில் எங்களுடைய தமிழ் இங்குள்ளவர்களுக்கு வேடிக்கை. இங்கே ஒருவரோடு ஒருவர் சாதாரணமாக உரையாடினால் அது கதைக்கிறது. பேசுகிறது என்றால் ஏசுகிறது, திட்டுகிறது. எங்களுக்குப் பேசுகிறது என்றால் பேசுகிறதுதான். அப்பா கூலிக்குப் போன வயல்காரரின் மனைவியிடம் ஒரு நாள், "உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட நல்லாப் பேசினாருங்க," என்று சந்தோசமாகச் சொன்னேன். அந்த அம்மா என் தலையைத் தடவி, "ஐயோ பாவம், ஏன் பிள்ளை பேசினவர்?" என்று தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். என்ன நடந்தது என்பது வீட்டுக்கு வந்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை வெளியிடத்தில் எடுக்காமல் பார்த்துக்கொண்டேன். பொதுவாகவே வாயைத் திறப்பது குறைந்து போனது.

கலியாணம் முடித்து அக்கராயனுக்கு வந்தேன். சண்டையில் இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, மறுபடியும் கூரை போட்டபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். பக்கத்து வளவும் அதில் இருந்த வீடும் வெளிநாட்டில் இருக்கிற ஒருவருடையது. வெகு காலம் பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் அங்கே ஒரு கட்டிலும் நிறையப் புத்தகங்களும் இரண்டு மண்வெட்டிகளும் வந்து இறங்கின. கூடவே மெலிந்த, உயரமான ஒரு மனிதர். அவர்தான் அருளம்பலம் சேர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலையிலேயே அவர் வேலியோரத்தில் குழி தோண்டத் தொடங்கிவிட்டார்.

சண்டை முடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் யாராவது குழி தோண்டினால் சனங்கள் ஒன்றைத்தான் நினைப்பார்கள். எதிர்வீட்டுக் கந்தையா அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "சத்தம் போடாதை பாக்கியம். அந்தாள் நகை கிண்டுறார். ஆரோ மண்ணுக்குள்ளை தாட்டு வைச்சிட்டுப் போனதை மணம் பிடிச்சு வந்திருக்கிறார்," என்றார்.

வேலி இடுக்கால் எட்டிப் பார்த்தேன். மனிதர் நெஞ்சளவு குழிக்குள் நின்றுகொண்டு, குழியின் சுவரில் மூக்கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு போத்தலால் சுவருக்குத் தண்ணீர் தெளித்தார். நான் நின்றதைக் கண்டுவிட்டார்.

"வாங்கோ, வாங்கோ! இஞ்சை வந்து பாருங்கோ!"

அவர் போட்ட சத்தத்தில் பயந்துபோய், "கூப்பிட்டீங்களா தொரை?" என்று கேட்டேன். தோட்டத்துப் பழக்கம்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். "துரையோ? ஆர் அது? இஞ்சை நான் மட்டும்தான் நிக்கிறன்."

போய்ப் பார்த்தேன். மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே மண்ணிறம், அடியில் சாம்பல் நிறத்தில் செம்மஞ்சள் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் குளத்துத் தண்ணீர் ஏறி இறங்கின அடையாளம் என்றார். ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்து ருசி பார்த்தார். பின்னேரம் கந்தையா அண்ணன் பொறுக்கமாட்டாமல் வந்து, "என்ன, நகை கிடைச்சுதோ?" என்று கேட்டார். "கிடைச்சுது. உங்களுக்கும் ஒரு பங்கு," என்று சேர் ஒரு களிமண் கட்டியை அவர் கையில் வைத்தார். கந்தையா அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உடைத்துப் பார்த்ததாகப் பிறகு அவர் மனைவி சொன்னார்.

அவர் பீடத்தில் மண்ணைப் பற்றிப் படிப்பிக்கிற பேராசிரியர். மற்றப் பேராசிரியர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்துபோவார்கள். இவர் மனைவியை இழந்தவர், மகள் வெளிநாட்டில். மண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அக்கராயனுக்கே வந்துவிட்டார். நான் முற்றத்தில் சுளகு வைத்து அரிசி புடைப்பதை வேலியால் பார்த்துவிட்டு, "நீங்கள் ஒரு கல்லையும் விடுறியள் இல்லை," என்றார். பீடத்தில் தற்காலிகமாக ஆள் எடுத்தபோது என் பெயரைக் கொடுத்ததும் அவர்தான். இப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

சேருடைய ஆய்வுகூடத்தில் இரண்டு வேலை. ஒன்று மண் வேலை, மற்றது கண்ணாடி வேலை.

வயலில் இருந்து வருகிற மண்ணைத் தட்டில் பரப்பி நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் அது வேறு மண்ணாகிவிடும் என்பார். காய்ந்த பிறகு வேர், சருகு, கல் எல்லாம் பொறுக்கி எடுக்க வேண்டும். கட்டிகளை ஒரு சின்ன மரக்கட்டையால் தட்ட வேண்டும். முதல் நாள் நான் ஓங்கித் தட்டினேன். "மா இடிக்கேல்லை பாக்கியம். நித்திரையிலை இருக்கிற பிள்ளையை எழுப்பிறியள்," என்றார். பிறகு சல்லடையில் அரித்துப் பையில் போட வேண்டும். எந்த வயல், எவ்வளவு ஆழம் என்று எழுதி ஒரு காகிதத் துண்டு பைக்கு வெளியே, ஒரு துண்டு பைக்கு உள்ளே. பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனை மை ஈரத்தில் கலங்கிவிடும். என் ஐந்தாம் வகுப்பு எழுத்துக்கு அந்தத் துண்டுகளில்தான் வேலை கிடைத்தது.

கண்ணாடி வேலை அதைவிடக் கவனம். சவர்க்காரம் போட்டு, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிச் சுழற்ற வேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரே தகடாக வழிந்தால் போத்தல் சுத்தம். முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது, மறுபடியும் முதலில் இருந்து. எக்காரணம் கொண்டும் துணியால் துடைக்கக் கூடாது. "துணி தன்ரை ஊத்தையைக் குடுத்திட்டுப் போயிடும்," என்பார். கவிழ்த்து வைத்துவிட்டுத் தானாகக் காயும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் கழுவிய போத்தலில் முத்து நின்றால் சேர் ஒன்றும் சொல்லமாட்டார். தானே எடுத்துக்கொண்டுபோய் மறுபடியும் கழுவி வைப்பார். மாணவர்களுக்கும் அப்படித்தான். அவருக்கு ஏசத் தெரியாது. ஆனால் சத்தம் மட்டும் பெரிய சத்தம். இடப்பக்கக் காது ஷெல் விழுந்ததில் போனது. வலப்பக்கக் காதும் அரைகுறைதான். தனக்குக் கேட்காதது மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைப்பாரோ என்னவோ, சாதாரணமாகச் சொல்வதையே குளத்துக்கு அந்தக் கரையில் நிற்கிறவருக்குச் சொல்வதுபோல் சொல்வார். அதுவும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார். கையில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் சொல்வார். வாசலில் போகிறவர்களுக்கு யாரையோ அடிக்கப் போகிறார் என்றுதான் இருக்கும்.

ஜெயபுரத்துக்கு அப்பால் கடல் பக்கமாக உள்ள வயல்கள் உப்பேறிக் கிடந்தன. அவற்றைத் திருத்துவதற்கு ஒரு முறையைச் சேர் பரீட்சை செய்துகொண்டிருந்தார். அதில் ஒன்று என் தம்பியின் வயல். அங்கே போய்வரும்போது மண் வாளியை பஸ்ஸில் தன் பக்கத்துச் சீற்றில் வைத்துக்கொள்வார்.

"சேர், வாளியைக் கீழை வையுங்கோ. ஆக்கள் இருக்கட்டும்," என்று ஒருநாள் கொண்டக்டர் பெடியன் சொன்னான்.

"அதுக்கும் ஒரு ரிக்கற் போடுங்கோ தம்பி."

"மண்ணுக்கு அரை ரிக்கற் காணும்தானே சேர்?"

"உம்மை விட, என்னை விட அதுக்கு வயசு கூட. முழு ரிக்கற் போடும்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. சேருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

வேலை செய்துகொண்டே அவர் என்னோடு பேசுவார். தன் அம்மாவைப் பற்றி, என் அம்மாவைப் பற்றி, அப்பா தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியது பற்றி எல்லாம் கேட்பார், சொல்வார். நான் இரண்டு சொல்லுக்கு மேல் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு சொல்லையும் அவர் அடுத்த நாள் வரைக்கும் வைத்திருந்து அதைப் பற்றி இன்னும் கேட்பார். என்னிடம் அப்படி யாரும் அதுவரைக்கும் கேட்டதில்லை.

ஒருமுறை மலைநாட்டில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் ஒரு சின்னப் பையை என் கையில் வைத்தார். உள்ளே சிவப்பு மண்.

"உங்கட தோட்டம் எதெண்டு விசாரிச்சுப் போனனான் பாக்கியம். இது உங்கட அம்மா கொழுந்து எடுக்க நிண்ட மண்!"

முகர்ந்து பார்த்தேன். அம்மாவின் காலில், கொழுந்துக் கூடையில் இருந்த அதே மணம். என்னை அறியாமல் அழுகை வந்துவிட்டது. சேர் பதறிப் போனார்.

"ஐயோ! ஏன் அழுறியள்? நான் என்ன செய்துபோட்டன்? அழாதேங்கோ! நிப்பாட்டுங்கோ!"

அவர் போட்ட சத்தம் பீடம் முழுக்கக் கேட்டிருக்கும். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் சுகந்தினி மிஸ் நின்றார். அப்போது அவர் புதிதாக வந்த விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எல்லோர் மேலும் இரக்கம் உள்ளவர். ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"அக்கா, சேர் உங்களைப் பேசினவரோ?"

"ஆமா மிஸ்," என்றேன் அழுகையோடு. "எங்கம்மாவைப் பத்திப் பேசினாரு மிஸ்."

மிஸ்ஸின் முகம் சிவந்து கண் கலங்கியது. எனக்காகத்தான் அவரும் கண் கலங்குகிறார் என்று நினைத்தேன். அது உண்மையும்தான்.

அந்த நேரத்தில் சேருக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் நீடிப்புக் கேட்டிருந்தார். உப்பு வயல்களில் கடைசிப் போகம் ஒன்றுதான் மீதி. நீடிப்புக் கிடைக்காவிட்டால் ஆய்வுகூடச் சாவி வேறு கைக்குப் போகும், நாங்கள் அரித்துச் சேர்த்த மண் எல்லாம் குப்பைக்குப் போகும், தம்பி வயல் பாதியில் நிற்கும். சேருக்கோ அது இல்லாவிட்டால் வேறு ஒன்றும் இல்லை. காலையில் எழும்பி எங்கே போவார்?

சில நாள் கழித்து என்னைப் பீடத்தின் தலைவரான பீடாதிபதியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் கூட்டித் துடைப்பதற்குத் தவிர அந்த அறைக்குள் போனதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் பீடாதிபதியும் இன்னும் இரண்டு பேரும். அதில் ஒரு அம்மா எழுதுவதற்குப் பேனையோடு இருந்தார். இந்தப் பக்கம் ஒரு கதிரை. எத்தனையோ தரம் தூசு தட்டிய கதிரை. அதன் விளிம்பில் இருந்தேன்.

"பயப்பிடாதேங்கோ. நீங்கள் சொல்லுறதாலை உங்கட வேலைக்கு ஒண்டும் வராது," என்றார் பீடாதிபதி. அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சேருடைய நீடிப்பு விசயமாக விசாரிக்கிறார்கள், நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் மனதில் நினைத்துக்கொண்டேன்.

"அருளம்பலம் சேர் உங்களைப் பேசுறவரோ?"

"ஆமாங்க, பேசுவாருங்க."

"எப்பவாவதோ?"

"தெனமும் பேசுவாருங்க."

"சத்தமாயோ?"

"சத்தமாத்தாங்க. அவருக்கு மெதுவாப் பேச வராதுங்க."

"தாய் தகப்பனையும் இழுத்துப் பேசுறவராம்?"

"எங்கப்பா, எங்கம்மா, எங்க தோட்டம், எல்லாத்தையும் பத்திப் பேசுவாருங்க."

"வேலை நேரத்திலை மட்டுமோ?"

"இல்லீங்க, வீட்டுலயும் வேலியில வந்து நின்னு பேசுவாரு. ஞாயித்துக்கெழமைல கொஞ்சம் கூடவே பேசுவாரு."

எழுதிக்கொண்டிருந்த அம்மா பேனையை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இவ்வளவு காலமும் நீங்கள் ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"இதுல சொல்றதுக்கு என்னங்க இருக்கு? எனக்கு அது பழகிப் போச்சுங்க. ஒரு நாளைக்குப் பேசலேன்னாத்தான் ஒரு மாதிரியா இருக்கும்."

வெளியே வந்தபோது எனக்கு மனம் நிறைந்திருந்தது. வாழ்க்கையில் நான் ஒரே இடத்தில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. சேருக்காக நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். வயல்கார அம்மா தந்த தேத்தண்ணீரை நான் மறக்கவில்லை. ஆனால் பயம் வந்தால் வாய் பிறந்த இடத்துக்கு ஓடிப்போய்விடுகிறது. காதும் அதோடு ஓடிவிடுகிறது. "உங்களைப் பேசுறவரோ" என்று அவர்கள் கேட்டது என் காதில் "உங்களோடு பேசுவாரா" என்றுதான் விழுந்தது.

பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிலோமினா வந்தாள். பீடத்தில் கூட்டுகிற வேலை, முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, மனதில் ஒன்றையும் வைத்திருக்க மாட்டாள்.

"எடி பாக்கியம், இவ்வளவு காலமும் அந்த மனுசனிட்டை ஏச்சு வாங்கிக்கொண்டோ இருந்தனி? என்னட்டை ஒரு சொல்லுச் சொன்னனியோ?"

"ஏச்சா? யாரு ஏசினா?"

"நீதானேடி உள்ளை சொன்னனி, ஒவ்வொரு நாளும் பேசுறவர், தாய் தகப்பனை இழுத்துப் பேசுறவர் எண்டு. சேருக்கு நீடிப்பு இல்லையாம். நாளைக்குக் கடிதம் எழுதப் போகினமாம்."

நான் மதகில் அப்படியே இருந்துவிட்டேன். "பேசுவாருன்னுதான் சொன்னேன்... எங்கூடப் பேசுவாருன்னு..."

பிலோமினா என்னையே பார்த்தாள். "ஐயோ மாதாவே! மலைநாட்டுப் பேச்சோடி அது?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "விடிஞ்சதும் முதல் வேலையாய்ப் போய்ச் சொல்லு."

"நீயும் வா."

"நான் வந்தால் நான் சொல்லித் தந்ததெண்டு நினைப்பினம். நீதான் சொன்னனி, நீயே போ."

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டவில்லை. பொழுதுபடுகிற நேரம் சேர் வழக்கம்போல் வேலிக்கு வந்தார்.

"பாக்கியம், என்னைப் பற்றி ஒரு முறைப்பாடு போயிருக்குதாம். நான் ஆரையோ பேசிப்போட்டனாம். ஆர் எண்டு சொல்லுகினம் இல்லை. எல்லாரையும் யோசிச்சுப் பாத்திட்டன், பிடிபடேல்லை. உங்களுக்குத் தெரியுமோ? அந்த ஆளிட்டை நான் மன்னிப்புக் கேக்க வேணும்."

நான்தான் அது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் என்னையும் யோசித்துப் பார்த்திருப்பார். ஆனால் நானாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் கூப்பிடாமலே பீடாதிபதியின் அறைக்குப் போனேன். சுகந்தினி மிஸ்ஸும் அங்கே இருந்தார். கதவடியில் நின்றுகொண்டு, காலைப் பார்த்தபடி சொன்னேன்.

"ஐயா, நேத்து நான் சொன்னது வேறங்க. சேர் என்னை ஏசினதில்லீங்க. அவரு... கதைச்சவருங்க."

பீடாதிபதி முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். "'என்னைத் தினமும் பேசுவார்' எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"'என்னை'ன்னு சொல்லலீங்க. 'எங்கூட'ன்னு..." என்று தொடங்கினேன். அப்படிச் சொன்னேனா, ஒன்றும் சொல்லாமல் பேசுவார் என்று மட்டும் சொன்னேனா என்று எனக்கே பிறகு நிச்சயமாகத் தெரியவில்லை.

மிஸ் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "அக்கா, சேர் உங்கட பக்கத்து வளவிலைதானே இருக்கிறவர்? நேற்றுப் பின்னேரம் வந்து ஏதும் சொன்னவரோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"வேலிக்கு வந்தாருங்க, ஆனா..."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எவ்வளவு சொன்னாலும் அது சேர் சொல்லித் தந்ததாகத்தான் ஆகும் என்று விளங்கியது. அழுகை வந்தது. அழுதால் அதுவும் அவருக்கு எதிராகத்தான் போகும் என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஆய்வுகூடத்தில் இருந்து சேருடைய சத்தம் வந்தது. "பாக்கியம்!" என்று ஒரு இடி. அதற்குப் பிறகு விடாமல் ஏதோ இரைச்சல்.

"கேட்டியளோ? இப்பவும் ஆரையோ பேசுறார்," என்று பீடாதிபதி எழும்பினார். மூன்று பேரும் முற்றத்தைக் கடந்து ஆய்வுகூட வாசலுக்குப் போனோம்.

உள்ளே சேர் மட்டும்தான் இருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சல்லடை அரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நான் வழக்கமாகப் போத்தல் கழுவுகிற தொட்டியில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவர்தான் திறந்துவிட்டு மறந்திருப்பார். நான் அங்கே நிற்கிறேன் என்று நினைத்து அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"...உங்கட அப்பா கவ்வாத்துக் கத்தி தீட்டின கல்லைப் பற்றிச் சொன்னனீங்கள் பாக்கியம், அது என்ன கல்லெண்டு யோசிச்சுப் பாத்தனான்! எங்கட அம்மான்ரை அம்மியும் அந்தக் கல்லுத்தான்! அதிலை அரைச்ச சம்பலுக்கு ஒரு ருசி இருந்தது. உங்கட அம்மா தோட்டத்திலை எதிலை அரைச்சவா? கேட்டுச் சொல்லுங்கோ எண்டு சொல்ல ஏலாது, அவா இல்லை. நீங்கள்தான் நினைச்சுப் பாக்க வேணும்!"

சல்லடையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"எனக்கு மனம் சரியில்லை பாக்கியம். ஆரோ ஒரு ஆளை நான் பேசிப்போட்டன். உங்களையே கேக்கலாம் எண்டால் நீங்கள் வாய் திறக்கமாட்டியள். ஆனால் இஞ்சை நான் சொல்லுறதைப் பொறுமையாய்க் கேக்கிறது நீங்கள் ஒரு ஆள்தான். என்ன, சத்தத்தைக் காணேல்லை?"

திரும்பினார். வாசலில் பீடாதிபதி, மிஸ், நான். தொட்டியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் அங்கையோ? அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆரோடை கதைச்சனான்?"

மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. அதனால் நான் கத்தினேன்.

"எங்கூடத்தான் சேர் பேசினீங்க! தெனமும் எங்கூடத்தான் பேசுறீங்க!"

சேருடைய முகம் இருண்டுபோனது. "உங்களையோ? நான் உங்களையோ பேசினனான்?"

"ஏசலைங்க சேர்! எங்க ஊருல பேசுறதுன்னா கதைக்கிறது! கதைக்கிறது சேர்!"

அந்தக் கட்டடத்தில் நான் போட்ட முதல் சத்தம் அதுதான். கடைசிச் சத்தமும் அதுதான். பக்கத்து வகுப்பறைகளில் இருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பிலோமினா கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடிவந்தாள்.

பீடாதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதைச்சதுக்கு விசாரணை வைச்ச பீடம் உலகத்திலை இது ஒண்டாய்த்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். முறைப்பாடு கொடுத்த சுகந்தினி மிஸ் சுவரோடு சாய்ந்து நின்று அழுதார். சேர் அவரிடம் போய் (மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு), "நீர் செய்தது சரி பிள்ளை. நான் உண்மையிலை பேசியிருந்தால் ஆர் கேக்கிறது? இனியும் கேளும்!" என்றார். அது பீடம் முழுக்கக் கேட்டது.

நீடிப்புக் கிடைத்தது. கடைசிப் போகமும் முடிந்தது. தம்பியின் வயல் முழுவதும் திருந்திவிடவில்லை. கடல் பக்கத்து மூலை இப்போதும் வெள்ளையாகத்தான் கிடக்கிறது. மற்றப் பக்கம் விளைகிறது. சேர் ஓய்வு பெற்ற பிறகும் அக்கராயனை விட்டுப் போகவில்லை. சில காலத்தில் நானும் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் வேலிக்கு வந்து, "பாக்கியம், கொஞ்சம் பேசட்டோ?" என்று கேட்பார். "பேசுங்க சேர்," என்பேன். எதிர்வீட்டில் கந்தையா அண்ணன் தன் மனைவியிடம், "இவளைப் பார், கேட்டுக் கேட்டு ஏச்சு வாங்குறாள்," என்பார்.

போன வருடம் சேர் படுக்கையில் விழுந்தார். வெளிநாட்டில் இருந்து மகள் வந்து பார்த்துக்கொண்டார். குரல் நாளுக்கு நாள் உள்ளே போய்விட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது. அந்த அமைதி எனக்குப் பழக்கம் இல்லாதது. நானே காலையும் மாலையும் போய்ப் பக்கத்தில் இருப்பேன். இரண்டு சொல்லுக்கு மேல் சொல்லாத நான்தான் அப்போது பேசினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தோட்டத்தில் எதில் சம்பல் அரைத்தார் என்றுகூடச் சொன்னேன்.

கடைசி நாள் அவர் தண்ணீர் கேட்டார். கண்ணாடிக் கிளாஸ் ஒன்றைக் கழுவினேன். அவசரத்தில் சேலைத் தலைப்பால் துடைத்துத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். சேர் அதை வாங்கிக் குடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

அடுத்த நாள் செத்த வீட்டுக்குச் சுகந்தினி மிஸ் வந்தார். இப்போது அவர்தான் துறைத் தலைவர். எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா, கடைசியாய்ச் சேர் உங்களோடை என்ன கதைச்சவர்?"

"கதைக்கல மிஸ். பேசினாரு."

மிஸ் என் முகத்தைப் பார்த்தார். "எந்தப் பேச்சு அக்கா?"

"ஒங்க ஊருப் பேச்சுத்தான் மிஸ். 'இவ்வளவு காலம் என்னோடை நிண்டும் துணியாலை துடைச்சிருக்கிறியே, உனக்கு அறிவில்லையோ பாக்கியம்'னு, எழும்பி இருந்து, பழைய சத்தத்துல. கந்தையா அண்ணன் வீட்டுக்கே கேட்டுச்சு."